கால் நனையாமல்

குளுவாங்,
18 மே 2025

என்னங்க,

நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் "ஆங், இருக்கேன்" என்பீர்கள், அதற்கு மேல் ஒரு சொல் வராது. பாறை மேல் ஏறி நின்று ஃபோன் பண்ணுகிறீர்கள். பாதி காற்று, பாதி உங்கள் மௌனம், முடிவில் சண்டை. நான் அழுகிறேன். உடனே அம்மா வந்து "என்ன சொன்னாரு மாப்பிள்ளை?" என்று தொடங்கிவிடுகிறார். இனிமேல் எழுத்துதான். சின்னத்தம்பி அண்ணன் படகு சாமான் வாங்க மெர்சிங் வரும்போது தபாலில் போடச் சொல்லுங்கள்.

தங்காக் சேலைக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். முதலாளியம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். "போன தடவ நின்னு நின்னே போச்சு. இந்தத் தடவ போய் உக்காரு லா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

போன வருஷம் ஆறாம் மாதத்தில் வயிற்றில் அசைவு நின்ற அன்று, நீங்கள் கடலுக்குள் ஓர் ஆமைக்குப் பின்னால் நீந்திக்கொண்டிருந்தீர்கள். "காரணம் எதுவும் இல்லம்மா, சில சமயம் இப்படி நடக்கும்" என்றார் டாக்டர். அம்மாவுக்கு மட்டும் காரணம் கிடைத்தது. பிள்ளைத்தாச்சியின் புருஷன் கடலில் இறங்கக் கூடாது, தெரியாதா? அம்மா சொன்னபோது முதலில் எரிச்சலாக வந்தது. பிறகு நானும் நம்பிவிட்டேன். எதற்கு மறைக்க?

சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்திருக்கிறீர்கள். குழந்தை பிறக்கிற வரை கடலில் கால் நனையக் கூடாது. ஆமை வேலையை விடச் சொல்லவில்லை. விடச் சொன்னால் நீங்கள் நீங்களாக இருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். கால் மட்டும் நனைய வேண்டாம்.

நேற்றுப் பகலில் கண்ணயர்ந்தேன். கனவில் கடல் குளுவாங் வரைக்கும் வந்துவிட்டது. சத்தமே இல்லை. ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் முழங்கால் அளவுக்குத் தெளிந்த தண்ணீர். அதிலேயே உட்கார்ந்து ஜனங்கள் காப்பி குடிக்கிறார்கள், யாருக்கும் ஆச்சரியம் இல்லை. உங்கள் ஊர் ரெங்கம் பக்கத்திலிருந்து தண்டவாளத்துக்கு மேலாக ஓர் ஆமை மெல்ல நீந்தி வந்தது. ரயில் வந்தால் ஒதுங்குவது மாதிரி எல்லோரும் ஒதுங்கினார்கள். விழித்ததும் கால் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.

ரூபினி

•

தீவு,
27 மே 2025

ரூபி,

நான் வந்து இறங்கிய கதையைச் சொன்னால் சிரிப்பாய். சிரி.

படகு மணல் வரை வராது, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித்தான் கரை ஏற வேண்டும். நான் படகிலேயே உட்கார்ந்திருந்தேன். சின்னத்தம்பி அண்ணன் முறைத்தார். சத்தியத்தைச் சொன்னேன். அவர் தண்ணீரில் குதித்து, முதுகைக் காட்டினார். "ஏறு. மூட்டை அரிசி தூக்குனவன் நான், உன்னத் தூக்க மாட்டேனா?"

பக்கத்துப் படகில் வலை பிரித்துக்கொண்டிருந்த பாக் டின் "அலமாக்!" என்று தலையில் கை வைத்துச் சிரித்தார். அண்ணன் மலாயில் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. "ஓ, பந்தாங்" என்று தலையாட்டினார். அவர்கள் வீடுகளிலும் மசக்கை நாளில் இப்படிக் கட்டுப்பாடுகள் உண்டாம். இப்போது எங்கே என்னைப் பார்த்தாலும் "கால் காய்ந்திருக்கிறதா?" என்றுதான் கேட்கிறார்.

தண்ணீர் வேலையெல்லாம் இனிக் கஸ்தூரிக்கு. ஜொகூர் பாருவிலிருந்து வந்திருக்கும் புதுப் பெண், படித்தவள், மீன் மாதிரி நீந்துகிறாள். எனக்குக் கரை வேலை. ஆமை இட்ட முட்டைகளை எடுத்து வந்து வேலிக்குள் புதைப்பது, உடும்பு வராமல் பார்ப்பது, மணலின் சூட்டைக் கவனிப்பது. சூடான மணலில் பெண் குஞ்சு பொரிக்கும், குளிர்ந்த மணலில் ஆண். இந்த வருஷ வெயிலுக்கு எல்லாமே பெண்ணாகிவிடும் போலிருக்கிறது. அதனால் பாதிக் கூடுகளுக்கு மேல் துணி கட்டி நிழல் போட்டிருக்கிறேன்.

அலை வந்து நிற்கிற கோட்டுக்கு இந்தப் பக்கமாகவே நடக்கிறேன். சில அலை சொல்லாமல் கொள்ளாமல் நீண்டுவிடும், அப்போது மேட்டுக்கு ஓடுகிறேன். "அண்ணே, கோழி மாதிரி ஓடுறீங்க" என்று கஸ்தூரி விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

மத்தியானங்களில் இங்கே ஒன்றுமே அசைவதில்லை. எதிரே இருக்கிற தீவு தண்ணீரை விட்டு எழும்பி வானத்தில் நிற்கிறது. கடலும் வானமும் ஒரே துணியாகிவிடுகின்றன, தையல் எங்கே என்று உன்னாலேயே சொல்ல முடியாது. அப்போதெல்லாம் நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றும். திரும்பினால் போய்விடுவாய் என்று திரும்புவதில்லை.

நான் பேசுவதில்லை என்பது உண்மைதான். வாயைத் திறந்தால் போன வருஷம் வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்கிறது. எழுதுவது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

செல்வம்

•

குளுவாங்,
15 ஜூன் 2025

என்னங்க,

சிரித்தேன். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், அவரும் சிரித்தார். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல, சொன்ன சொல்லக் காப்பாத்துறாரு" என்றார். ராசம்மா வாயிலிருந்து மருமகனுக்கு ஒரு நல்ல வார்த்தை! நாள் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆணா பெண்ணா என்று உங்கள் ஆமைக்கு நீங்கள் நிழல் பிடிக்கிறீர்கள். இங்கே ஆளாளுக்கு வயிற்றைப் பார்த்து ஜோசியம் சொல்கிறார்கள். வயிறு கூர்மையாக இருக்கிறதாம், பையன்தானாம். எனக்கு வெயிலும் வேண்டாம், நிழலும் வேண்டாம். உயிரோடு வந்தால் போதும். இதைச் சத்தமாகச் சொன்னேன், அம்மா "வாயக் கழுவு" என்று திட்டினார்.

உள்ளே அசைவு தொடங்கிவிட்டது. போன வாரம், பல் தேய்க்கும்போது. மீன் திரும்பின மாதிரி. சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் அசைவு வந்ததால்தானே அது நின்றால் தெரியும்? அசையாத வரைக்கும் நான் தைரியமாக இருந்தேன்.

மறுபடியும் கனவு. நான் கடையில் சேலை விரிக்கிறேன். விரிக்க விரிக்க முடியவில்லை, நீலமாக நீண்டு வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, குனோங் லேடாங் மலையடிவாரம் வரை போகிறது. முந்தானை எங்கே என்று வாங்க வந்தவள் கேட்கிறாள். அவள் முகம் தெரியவில்லை, முடி ஈரமாக இருக்கிறது. "கொஞ்சம் பொறும்மா, வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. செப்டம்பரில். ஆமை, கீமை என்று சாக்குச் சொன்னால் நானே நீந்தி வந்து இழுத்துப் போவேன். எனக்குத்தான் சத்தியம் ஒன்றும் இல்லையே.

ரூபினி

•

தீவு,
29 ஜூலை 2025

ரூபி,

உட்கார்ந்து வாசி. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் கடலில் இறங்கிவிட்டேன்.

இன்று காலை அண்ணனும் கஸ்தூரியும் டீசல் வாங்க மெர்சிங் போயிருந்தார்கள். வடக்குப் பாறைக்குப் பக்கத்தில் ஒரு வலைத் துண்டு மிதந்தது. யாரோ அறுத்து விட்டது. அதற்குள் ஒரு பேராமை. முன்கால் இரண்டும் சிக்கி, கழுத்திலும் சுற்றியிருந்தது. ஆமைக்கும் நம்மைப் போலக் காற்றுதான் மூச்சு, மேலே வந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். கடலில் வாழ்கிறது கடலிலேயே மூழ்கிச் சாகும் என்றால் ஜனங்கள் நம்ப மாட்டார்கள். தலை வெளியே வரும், வலை இழுக்கும், உள்ளே போய்விடும். மறுபடி வருவதற்குத் தாமதமாகும். ஒவ்வொரு தடவையும் தாமதம் கூடிக்கொண்டே போனது.

மூங்கிலை நீட்டிப் பார்த்தேன், எட்டவில்லை. பாறை மேல் ஏறிப் பாக் டினைக் கூப்பிட்டேன். அவர் படகு அங்கே இல்லை. தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பிப் பார்த்தால் தலை வரவில்லை. அப்புறமும் வரவில்லை.

உன் பெயரைச் சொன்னேன். இறங்கிவிட்டேன்.

உள்ளே போனதும் எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. பச்சையாக ஒரு வெளிச்சம். நான் கத்தியை வைத்து அறுக்க அறுக்க அவள் ஒரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி முடிச்சு அறுந்ததும் மேலே போய் மூச்சு வாங்கினாள், பெரிய மனுஷி பெருமூச்சு விட்ட மாதிரி. உடனே போகவில்லை. என் நெஞ்சுக்குப் பக்கத்தில் சும்மா மிதந்தாள். பிறகு நீலத்துக்குள் கரைந்து போனாள். முட்டை இடக் கரையேற வந்தவள் அவள், ரூபி. வயிறு நிறைய முட்டை. அதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

யாரும் பார்க்கவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் உன்னிடம் மறைத்துவிட்டு உன் வயிற்றில் கை வைக்க என்னால் முடியாது. சட்டை காய்கிற வரைக்கும் மணலில் உட்கார்ந்து ஒரே வேண்டுதல்தான். என்ன வேண்டினேன் என்று உனக்கே தெரியும்.

எழுது. ஒரு வரி போதும்.

செல்வம்

•

தீவு,
12 ஆகஸ்ட் 2025

ரூபி,

பாறை மேல் ஏறி ஃபோன் பண்ணினேன். அத்தை எடுத்தார். "அவ தூங்குறா" என்றார். மறுநாளும் தூங்குகிறாய் என்றார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. நல்லாத்தானே இருக்கிறாள் என்று கேட்க வாய் வந்து வந்து நின்றுவிட்டது. கேட்டு, பதில் வேறு மாதிரி வந்துவிட்டால்?

மே மாதம் வைத்த கூடுகளில் கடைசியும் பொரித்துவிட்டது. மணல் முதலில் லேசாகக் குழிந்தது, பிறகு கொதிக்கிற கஞ்சி மாதிரி பொங்கியது, எல்லாக் குஞ்சுகளும் ஒன்றாக வெளியே வந்தன. மற்ற வருஷம் நான் அவற்றோடு தண்ணீர் விளிம்பு வரை போவேன். இந்தத் தடவை மேட்டிலேயே நின்றேன். சத்தியத்தை ஒரு தடவை உடைத்த பிறகு இனி என்ன என்று கஸ்தூரி கேட்டாள். நான் இன்னும் ஓர் அடி பின்னால் தள்ளி நின்றேன்.

திட்டு. திட்டியாவது எழுது.

செல்வம்

•

குளுவாங்,
24 ஆகஸ்ட் 2025

என்னங்க,

உங்களுக்கு அறிவிருக்கா? பெற்ற பிள்ளையை விட ஆமை பெரிசா? எழுதுகிற கையை வெட்ட வேண்டும் போல இருந்தது, உங்கள் கையை. அந்தக் கடிதத்தை மூன்றாக மடித்து அரிசி டின்னுக்கு அடியில் தள்ளினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் நாலு ஊருக்கு ஒப்பாரி கேட்கும்.

அதற்கப்புறம் நான் செய்தது ஒரே வேலைதான். வயிற்றில் கை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். கொஞ்ச நேரம் அசைவில்லை என்றால் வெல்லம் தின்பேன். இடது பக்கம் திரும்புவேன். செல்லமே, கண்ணே என்று கெஞ்சுவேன். பகலெல்லாம் அரைத் தூக்கம். ஜன்னல் திரை ஆடும்போது அறைக்குள் தண்ணீர் வெளிச்சம் ஆடும், நான் கடலடியில் படுத்திருக்கிற மாதிரி இருக்கும். மேலே யாரோ நீந்திப் போவார்கள். நீங்கள்தான். கூப்பிட்டால் கேட்காது.

போன வருஷம் நின்ற அந்த வாரம் வந்தது. போயும் விட்டது. குழந்தை உதைக்கிறது. சோற்றுத் தட்டை வயிற்றில் வைத்தால் தட்டு ஆடுகிறது. அது நல்லா இருக்கிறது, கேட்டீர்களா? நல்லா இருக்கிறது.

இப்போது ஒன்று சொல்கிறேன். சொன்ன பிறகு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இறங்கிவிட்டேன் என்று எழுதியதை வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில், எங்கேயோ ஒரு நிம்மதியும் வந்தது. ஆமாம், நிம்மதி! இனி ஏதாவது ஆகிவிட்டால் யாரைச் சொல்லலாம் என்று தெரிந்துவிட்டதே என்ற நிம்மதி. நேற்றுக் குளித்துவிட்டு வரும்போதுதான் அது எனக்கே பிடிபட்டது. பயந்துபோய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் காரணம் இல்லை என்றார். காரணமே இல்லாமல் என் பிள்ளை போகுமா? என்னால் அதைத் தாங்க முடியவில்லை. கடல் கிடைத்தது, பிடித்துக்கொண்டேன். கடலைப் பிடித்தால் உங்களைப் பிடித்த மாதிரிதானே. ஒரு வருஷமாக உங்களைக் குற்றவாளியாக வைத்துக்கொண்டுதான் நான் எழுந்து நடந்திருக்கிறேன்.

போதும். சத்தியம் வாங்கியவள் நான், நானே திருப்பித் தருகிறேன். இறங்குங்கள். ஆமையோடு நீந்துங்கள். இந்தப் பிள்ளைக்கு எது நடந்தாலும் அது கடலால் இல்லை.

ரூபினி

•

தீவு,
1 செப்டம்பர் 2025

ரூபி,

உன் கடிதத்தை அண்ணன் படகிலிருந்தே ஆட்டிக் காட்டினார். வாசித்து முடித்ததும் அழுதேன். கஸ்தூரி தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அலைக்குப் பக்கத்தில் போனேன். நீ இறங்கு என்று சொல்லிவிட்டாய். கடல் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது, அடியில் இருக்கிற மணலின் வரி வரை தெரிந்தது. கால் எழவில்லை.

அன்றைக்கு ஆமைக்காக யோசிக்காமல் குதித்தவன், அனுமதி கிடைத்த பிறகு முடியாமல் நின்றேன். அப்போதுதான் புரிந்தது. அத்தைக்காக, உனக்காக என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அதெல்லாம் பொய். நானும் நம்பியிருக்கிறேன். அந்தப் பிள்ளையை நான்தான் கொன்றேன் என்று ஒரு வருஷமாக உள்ளுக்குள் நம்பியிருக்கிறேன். உன்னைவிட அதிகமாக.

நீ திருப்பித் தந்துவிட்டாய். எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்.

வளைகாப்புக்கு வருகிறேன். என்ன நிறத்தில் சட்டை போட வேண்டும் என்று எழுது, இல்லாவிட்டால் அங்கே வந்த பிறகு திட்டுவாய்.

செல்வம்

•

குளுவாங்,
15 செப்டம்பர் 2025

என்னங்க,

நீங்கள் போய் இரண்டு நாள்தான் ஆகிறது, வீட்டில் இன்னும் கலவைச் சாத வாசனை. கை நிறைய கண்ணாடி வளையல், எழுதும்போது சிணுங்குகிறது. சத்தம் உள்ளே கேட்குமாம், அதனால் நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன்.

சொல்லாமலேயே பச்சைச் சட்டை போட்டு வந்தீர்கள். நன்றாகத்தான் இருந்தது. பெண்கள் எல்லோரும் சுற்றி நின்று சந்தனம் பூசும்போது, செருப்புகள் கிடந்த இடத்தில் நின்று எட்டி எட்டிப் பார்த்தீர்கள். அன்று சாயங்காலம் என் வயிற்றில் கை வைத்தீர்கள். அது உதைத்தது. நீங்கள் கையை எடுக்கவே இல்லை.

அப்போது கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாததைத் தாளில் கேட்கிறேன்.

முதல் பிள்ளையை எங்கே வைத்தீர்கள்?

பெற்றவளுக்கு இடத்தைச் சொல்லக் கூடாது என்று ஆம்பளைகள் எல்லாம் சேர்ந்து வாயை மூடிக்கொண்டீர்கள். இடம் தெரிந்தால் மனசு அங்கேயே நின்றுவிடும், அடுத்தது தங்காது என்று அம்மாவும் சொன்னார். அது தெரியாததால் என் மனசு இந்த ஊர் முழுக்க நிற்கிறது. பஸ்ஸில் போகும்போது காலி இடமாகத் தெரிகிற ஒவ்வொன்றையும் பார்க்கிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். காலையில் தூக்கிக்கொண்டு போனீர்கள். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கதவைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். தம்பி காளிதாஸ் திரும்பி வந்தான். நீங்கள் வரவில்லை. அக்கா தூங்குக்கா என்றான், வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள்தான் வந்தீர்கள். என்னைத் தனியாக விட்டுவிட்டுக் கடலுக்கே ஓடிப் போய்விட்டீர்கள் என்று நினைத்தேன். இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கே போனீர்கள்?

ரூபினி

•

தீவு,
21 செப்டம்பர் 2025

ரூபி,

சொல்கிறேன். யார் கூடாது என்று சொன்னாலும் சொல்கிறேன்.

குளுவாங் இடுகாட்டில்தான் இருக்கிறது. காளிதாஸ் காரை ஓட்டினான், நான் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த மஞ்சள் துணியில்தான் சுற்றியிருந்தேன். அங்கே வேலை செய்கிறவர் சங்குல் மண்வெட்டியால் குழி வெட்டித் தயாராக வைத்திருந்தார். ராத்திரி பெய்த மழையில் அடியில் தண்ணீர் நின்றது. அதில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

மேட்டுப் பக்கம், வேலியோரத்தில், வெள்ளைப் பூ பூக்கிற கெம்போஜா மரம் ஒன்று இருக்கிறது. உள்ளே நுழைந்து வலது கைப் பக்கம் நேரே நடந்தால் அதுதான் முதலில் தெரியும். அதற்குக் கீழே மண் உதிரியாக இருந்தது. மழை பட்டும் தண்ணீர் தங்காத இடம். அங்கே மண்டி போட்டேன். சங்குலைக் கொடுத்தார்கள், வாங்கவில்லை. கையாலேயே தோண்டினேன். வாய் குறுகலாக, அடி அகலமாக, தோள் வரைக்கும் கை போகிற ஆழத்துக்கு. அளவு சரியா தப்பா என்று கூட வந்திருந்த பெரியவர்கள் ஏதோ பேசிக்கொண்டார்கள். எனக்கு வேறு மாதிரித் தோண்டத் தெரியாது, ரூபி. எனக்குத் தெரிந்த ஆழம் அது ஒன்றுதான்.

உள்ளே வைத்து மண்ணைத் தள்ளி மூடினேன். "மச்சான், நல்லா மிதிச்சு விடுங்க, நாய் கிளறிடும்" என்றான் காளிதாஸ். என்னால் மிதிக்க முடியவில்லை. ஆமைக் கூட்டை மூடிய பிறகு நாங்கள் மிதிக்க மாட்டோம். மேல் மண் இளக்கமாக இருக்க வேண்டும், அழுத்திவிட்டால் உள்ளே இருப்பது வெளியே வர முடியாது. இது அப்படி இல்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கைக்குத் தெரியவில்லை, காலுக்கும் தெரியவில்லை.

ஆனால் காளிதாஸ் சொன்னது சரிதான், நாய்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அவனை உன்னிடம் அனுப்பிவிட்டு, ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்தது, விடிந்தது. பகல் வேலைக்கு ஆட்கள் வந்த பிறகுதான் எழுந்தேன்.

கடலுக்குப் போகவில்லை, ரூபி. நம் பிள்ளைக்குக் காவல் இருந்தேன்.

செல்வம்